குதிரைய வித்து கவசம் வாங்குறவன் கதை: எ நைட் ஆஃப் தி செவன் கிங்டம்ஸ்

மொதல்லயே சொல்லிடுறேன், கேம் ஆஃப் த்ரோன்ஸ் நடக்குற கற்பனை தேசமான வெஸ்டெரோஸ் கதைன்னு டிவில இதுவரைக்கும் வந்ததுல என் மனசுக்கு ரொம்ப நெருக்கமா வந்து உக்காந்தது இந்த சீரிஸ்தான். கேம் ஆஃப் த்ரோன்ஸ் எட்டு சீசனும் பாத்தவங்க, பாதில விட்டவங்க, ஒரு எபிசோடு கூட பாக்காதவங்க, யாருக்கு வேணா தைரியமா சொல்லலாம். பறக்குற டிராகன் கெடையாது, லட்சம் பேர் மோதுற போர் கெடையாது, சிம்மாசனத்துல யார் உக்கார்றதுங்கிற வெட்டுக்குத்தும் கெடையாது. ஒரு நெட்டைப் பையன், மொட்டை அடிச்ச ஒரு பொடியன், மூணு குதிரை, ஒரு போட்டி நடக்குற மைதானம், அவ்வளவுதான். இத வச்சுக்கிட்டு ஆறு எபிசோடு உக்கார வச்சிருக்காங்க, கடைசி ரெண்டு எபிசோடுல மூச்சு விடவே மறந்துடுவீங்க.

விவரம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1998ல தி ஹெட்ஜ் நைட்னு ஒரு குறுநாவல் எழுதினார், அதே ரெண்டு பேர வச்சு 2003ல இன்னொன்னு, 2010ல மூணாவது, அப்புறம் 2015ல மூணையும் சேத்து ஒரே புத்தகமா போட்டாங்க, அந்த புத்தகத்தோட பேருதான் சீரிஸுக்கும். இந்த சீசன் மொத கதைய மட்டும்தான் எடுத்திருக்கு. ஐரா பார்க்கரும் மார்ட்டினும் சேந்து உருவாக்கியிருக்காங்க, ஓவன் ஹாரிஸும் சாரா அடினா ஸ்மித்தும் இயக்கியிருக்காங்க, ஷூட்டிங் நடந்தது வட அயர்லாந்துல. 2026 ஜனவரி 18ல ஆரம்பிச்சு பிப்ரவரி 22ல முடிஞ்சது. ஹெச்பிஓ தயாரிப்பு, நம்ம ஊர்ல ஜியோஹாட்ஸ்டார்ல இருக்கு. ஒரு எபிசோடு 30லேருந்து 40 நிமிஷம், மொத்தமும் சேத்தா சுமார் மூணரை மணி நேரம், ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் உக்காந்தா காப்பி நேரம் தாண்டி கொஞ்ச நேரத்துல முடிச்சிடலாம்.

கதை நடக்குற காலம் கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு சுமார் 90 வருஷம் முன்னாடி. டார்கேரியன் குடும்பம் இன்னும் ஆட்சில இருக்கு, ஆனா அவங்களோட டிராகன்லாம் செத்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, பேரும் வெள்ளி முடியும் திமிரும்தான் மிச்சம். பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி அந்த குடும்பத்துக்குள்ளயே பெரிய கலகம் நடந்து முடிஞ்சிருக்கு, அந்த காயம் இன்னும் ஆறல. இதெல்லாம் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும், தெரிஞ்சா ருசி கூடும், தெரியலன்னாலும் கதை புரியும்.

டங்க்னு ஒரு பையன். தலைநகரமான கிங்ஸ் லேண்டிங்ல ஃப்ளீ பாட்டம்னு ஒரு சேரி, அங்க தெருவுல வளந்தவன். சொந்தமா கோட்டையோ நெலமோ இல்லாம ஊர் ஊரா சுத்திக்கிட்டு, கூப்பிட்ட பிரபுகிட்ட வேலை செஞ்சு, மரத்தடியில தூங்குற ஹெட்ஜ் நைட் (நைட்னா பட்டம் வாங்கின குதிரை வீரன்) ஒருத்தர், சர் ஆர்லன்னு பேரு, அவர்தான் இவன எடுத்து வளத்தவர். மொத காட்சியிலயே அந்த பெரியவர் செத்துப் போயிருக்கார், மழையில நனைஞ்சு சளி பிடிச்சு போனவர், போர்ல கூட இல்ல. பையன் தனியா குழி வெட்டி பொதைக்கிறான். கையில இருக்குறது அவரோட வாள், பழைய கவசம், மூணு குதிரை. வாளோட பெல்ட் இவன் இடுப்புக்கு எட்டல, அதனால கயித்த கட்டி வாள தொங்க விட்டுக்குறான். அந்த கயிறு சீசன் முழுக்க வரும். பெரிய பிரபுங்க நிக்கிற எடத்துல ஒவ்வொருத்தர் கண்ணும் மொதல்ல அவன் மூஞ்சிக்கு போகாது, அந்த கயித்துக்குத்தான் போகும். ஒருத்தன் ஏழைன்னு காட்ட வசனம் எதுக்கு, இது போதும்னு விட்டுட்டாங்க பாருங்க, அங்கயே என்ன பிடிச்சிடுச்சு.

எனக்கு இந்த சீரிஸ்ல ஒசத்தியா தோணுறது இந்த காசு விஷயம்தான். மத்த ஃபேண்டஸி கதைல வீரன்னா வாளும் குதிரையும் தானா இருக்கும், யார் வாங்கிக் குடுத்தா, அதுக்கு தீனி யார் போட்டாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இங்க கதையே அதுதான். ஆஷ்ஃபோர்டுன்னு ஒரு ஊர்ல போட்டி நடக்குது, குதிரையில ஓடி வந்து ஈட்டியால மோதுற போட்டி. அதுல தோத்தா தோத்தவனோட குதிரையும் கவசமும் ஜெயிச்சவனுக்கு போயிடும், காசு குடுத்து மீட்டுக்கலாம், பணக்காரனுக்கு அது ஒரு செலவு, டங்குக்கு அது பொழப்பே போற விஷயம். மொத மோதல்லயே விழுந்தா அவன் திரும்ப தெருவுக்குத்தான். ஜெயிச்சா ஒரு வருஷம் சாப்பிடலாம், ஒரு பிரபு வீட்ல வேலை கெடைக்கலாம். அவன் ஒடம்புக்கு பெரியவரோட கவசம் சேரல, புதுசு செய்யணும், ஸ்டீலி பேட்ங்கிற கவசக்காரர் நியாயமான ஆளுதான் ஆனா அவருக்கும் காசு வேணும்ல. அதனால மூணு குதிரைல ஒன்ன, ஸ்வீட்ஃபுட்ங்கிற பொம்பளக் குதிரைய, விக்கிறான். அது கழுத்த தடவிக்கிட்டு அவன் பேசுற எடத்துல நான் அப்படியே ஒடைஞ்சு போயிட்டேன். ஒரு உயிர விட்டுக் குடுத்துட்டு இரும்பு வாங்குறான், வேற வழியும் இல்ல. வாள்சண்டை எத்தன வேணா பாத்துடலாம், இந்த மாதிரி ஒரு கணக்க டிவில பாக்குறது கஷ்டம்.

காசு சேந்தாலும் போட்டில பேர் குடுக்கணும்னா நீ நைட்டுதான்னு யாராவது பெரிய மனுஷன் சாட்சி சொல்லணும். பெரியவர் சாகுறதுக்கு முன்னாடி எனக்கு பட்டம் கட்டிட்டு போனார்னு டங்க் சொல்றான், சாட்சிக்கு இருந்தது ஒரு குருவி மட்டும்தான். பெரியவர் வேலை செஞ்ச எடமெல்லாம் போய் கேக்குறான், சர் ஆர்லன ஞாபகம் இருக்கான்னு. யாருக்கும் இல்ல. அவங்களுக்காக போர்ல நின்னவர், ரத்தம் சிந்தினவர், அந்த பேரே காதுல விழுந்த மாதிரி யாரும் காட்டிக்கல. ஒவ்வொரு கூடாரமா போய் அவன் திரும்பி வர்றப்ப அவன் தோள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எறங்கும். கடைசில பட்டத்து இளவரசர் பேலர் முன்னாடி போய் நிக்கிறான், அவர் ஒருத்தர்தான் ஞாபகம் வச்சிருக்கார். ஸ்டார்ம்ஸ் எண்ட்ங்கிற கோட்டையில பல வருஷத்துக்கு முன்னாடி அந்த பெரியவரோட மோதினது, எத்தன ஈட்டி ஒடைஞ்சதுங்கிறது எல்லாம் அவருக்கு தெரியுது. பெரியவர் இத்தன வருஷமா பெருமையா சொல்லிக்கிட்டிருந்த எண்ணிக்கை ஏழு, பேலர் சொல்றது நாலு. அவர் திருத்துறதுல ஒரு துளி எளக்காரம் இல்ல. பெர்ட்டி கார்வெல் அந்த எடத்துல குரல ஒசத்தாம, கண்ண மட்டும் டங்க் மேல வச்சு பேசுறார், ஒரு ராஜகுமாரன் இப்படித்தான்யா இருக்கணும்னு தோணுது. மறந்து போன ஒரு மனுஷன அந்த நாலு ஈட்டி திரும்ப உயிரோட கொண்டு வந்து நிறுத்திடுது.

டங்கா வர்ற பீட்டர் கிளாஃபி அயர்லாந்துக்காரர், முன்னாடி கானாக்ட் டீமுக்கு ரக்பி ஆடினவர். ஆளு ஒசரம் நெசமான ஒசரம், கேமரா வித்தை இல்ல. அவ்வளவு பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு எப்பவும் கூனிக்கிட்டு, இன்னொருத்தர் எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கிறோமோங்கிற மாதிரி ஒரு கூச்சத்தோட நடக்குறார். தன்ன தானே மந்தம்னு நெனைக்கிறவன், ஆனா மந்தம் கெடையாது, நெதானமா யோசிக்கிறவன், அந்த வித்தியாசத்த முகத்துலயே காட்டிடுறார். எக்னு பேரு வச்ச அந்த மொட்டைப் பொடியனா வர்ற டெக்ஸ்டர் சோல் ஆன்செல் சின்னப் பையன், வாய் ஜாஸ்தி, புத்தி அதவிட ஜாஸ்தி, ஆனா சினிமால வர்ற அதிகப்பிரசங்கிக் கொழந்த மாதிரி எரிச்சல் வராது. வழியில ஒரு சத்திரத்துல டங்க பாத்துட்டு நானும் வர்றேன் உனக்கு எடுபிடியா இருக்கேன்னு பின்னாடியே வந்துடுறான். ரெண்டு பேரும் நெருப்புக்கு பக்கத்துல உக்காந்து சும்மா பேசுற காட்சிங்கதான் சீரிஸோட உயிர். யார் யாருக்கு சொல்லித் தர்றாங்கன்னே தெரியாது. பையன் பாடம் சொல்லுவான், பெரியவன் கேட்டுக்குவான், அப்புறம் ஒரு அடி அடிப்பேன்னு மெரட்டுவான், அடிக்கவே மாட்டான்.

டேனியல் இங்ஸ் செஞ்ச லயனல் பராத்தியன்ங்கிற பிரபுவ பத்தி சொல்லாம போனா பாவம். புத்தகத்துல இவருக்கு இவ்வளவு எடம் இல்ல, இங்க நல்லா பெருசாக்கியிருக்காங்க. மான் கொம்பு கிரீடத்த போட்டுக்கிட்டு கூடாரத்துக்குள்ள குடியும் ஆட்டமுமா இருக்குற மனுஷன், எப்ப சிரிப்பார் எப்ப அடிப்பார்னு தெரியாது. மொத எபிசோடுல அவரும் டங்கும் ஆடுற ஆட்டத்த நான் ரீவைண்டு பண்ணி பாத்தேன். ஃபின் பென்னெட் செஞ்ச டார்கேரியன் இளவரசன் ஏரியன் அதுக்கு நேர் எதிர், அழகா வந்து நின்னாலே வயித்த கலக்குது. சாம் ஸ்ப்ரூவெல் செஞ்சது ஏரியனோட அப்பா மேக்கார், அப்பன்னா இப்படி ஒரு இரும்பு அப்பன், கடைசி எபிசோடுல அந்த இரும்புல விரிசல் விழுறத பாக்கணும்.

இனிமே கொஞ்சம் கதை ஒடையும், ஒன்னுமே தெரியாம பாக்கணும்னு நெனைக்கிறவங்க ரெண்டு பத்தி தாண்டி போயிடுங்க. யார் சாகுறாங்கன்னு மட்டும் எங்கயும் சொல்லப் போறதில்ல.

டேன்செல்னு ஒரு பொம்மலாட்டக்காரப் பொண்ணு, டங்கோட கேடயத்துல அந்தி வானமும் மரமும் எரிநட்சத்திரமும் வரைஞ்சு குடுத்தவ. அவ ஆட்டத்துல டிராகன் பொம்மை சாகுது, அது அரச குடும்பத்துக்கு அவமானம்னு ஏரியன் அவ வெரல ஒடைக்கிறான். டங்க் யோசிக்காம போய் இளவரசன அடிக்கிறான். அரச ரத்தத்த தொட்டவனுக்கு கை போகும். தப்பிக்க வழி, சண்டை போட்டு நிரபராதின்னு காட்டணும், அதுலயும் ஏரியன் பழங்காலத்து வழக்கம் ஒன்ன தோண்டி எடுக்குறான், ஏழு பேருக்கு ஏழு பேர். உன் பக்கம் ஏழு பேர் சேரலன்னா தெய்வமே உன்ன கைவிட்டுச்சுன்னு அர்த்தம், சண்டை இல்லாமலே நீ குத்தவாளி. ஒரு பொண்ணோட வெரலுக்காக அடிச்சவன், ஊரு பேரு இல்லாதவன், அரச குடும்பத்துக்கு எதிரா உயிர குடுக்க ஆறு பேர எங்க போய் தேடுவான்? அந்த தேடல்தான் நாலாவது எபிசோடு, நான் பாத்ததுல ரொம்ப கெட்டியான எபிசோடு. கூட நிப்பேன்னு சொன்னவன் ஒருத்தன் காசுக்கும் பட்டத்துக்கும் அந்த பக்கம் தாவிடுறான், அவனோட ஒறவுக்காரப் பையன் ரேமன் அந்த எடத்துக்கு நான் வர்றேன், எனக்கு இங்கயே நைட் பட்டம் கட்டுங்கன்னு டங்க் முன்னாடி வந்து நிக்கிறான். டங்க் தயங்குறான். அந்த தயக்கத்த கவனிங்க. லயனல்தான் வந்து கட்டுறார். டங்குக்கு நெசமாவே பெரியவர் பட்டம் கட்டினாரா இல்லையாங்கிற கேள்வி அங்க வந்து நம்ம நெஞ்சுல உக்காந்துக்கும், யாரும் வாய் விட்டு கேக்க மாட்டாங்க.

கடைசியா ஏழாவது ஆளா வர்றவர் பேலர், சொந்த தம்பி மேக்காருக்கும் தம்பி பசங்களுக்கும் எதிரா. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. எதிர்ல நிக்கிற ஏழு பேர்ல மூணு பேர் ராஜாவோட மெய்க்காப்பாளர்கள், அரச ரத்தத்துக்கு தீங்கு செய்ய மாட்டோம்னு சத்தியம் பண்ணினவங்க, அதனால பேலர் போய் நின்னா அந்த மூணு பேரும் அவர் மேல கை வைக்க முடியாது. நல்லவனா இருந்தா மட்டும் பத்தாது, கூர்மையும் வேணும்னு மார்ட்டின் எழுதி வச்ச எடம். அந்த சண்டைய எடுத்த விதம் இருக்கே, பனிமூட்டம், சேறு, ஹெல்மெட்டோட சின்ன கீறல் வழியா டங்க் என்ன பாக்குறானோ அதுதான் நமக்கும் தெரியும். மூச்சு சத்தம், குதிரை கனைப்பு, இரும்பு மேல இரும்பு. அழகான வாள்வீச்சு எதுவும் இல்ல, ரெண்டு பேர் சேத்துல பொரண்டு ஒருத்தன் இன்னொருத்தன சாகடிக்க பாக்குறது மட்டும்தான். சண்டை முடிஞ்சப்பறம் ஒரு ஹெல்மெட்ட கழட்டுற காட்சி வரும். அதுக்கு மேல நான் ஒன்னும் சொல்லல.

கொற இல்லாம இல்ல. மொத எபிசோடு ஆரம்பத்துல கேம் ஆஃப் த்ரோன்ஸ் டைட்டில் இசை ஏறி வரும், டங்க் ஏதோ பெரிய முடிவு எடுக்கப் போறான்னு நாம நிமிர்ந்து உக்காருவோம், டக்குன்னு வெட்டி அவன் மரத்துக்கு பின்னாடி வெளிக்கு போறத காட்டுவாங்க. இது வேற மாதிரி கதைன்னு சொல்ல வந்தாங்க, சரி, ஆனா அந்த காட்சிக்கு முன்னாடி இருந்த சாவும் பொதைக்கிறதும் அவ்வளவு கனமா இருந்துச்சு, அத இப்படி கலைச்சிருக்க வேணாம். அஞ்சாவது எபிசோடுல சண்டை உச்சத்துல இருக்கும்போது டங்கோட சின்ன வயசு கதைக்கு போயிடுறாங்க, ரொம்ப நேரம். அந்த கதை நல்லாத்தான் இருக்கு, சேரியில அவன் பட்ட பாடு தெரிஞ்சாத்தான் அவன் ஏன் விழுந்து விழுந்து எழுந்திரிக்கிறான்னு புரியும், ஆனா அத மூணாவது எபிசோடுல வச்சிருந்தா சண்டையோட வேகம் ஒடைஞ்சிருக்காது. அதோட டேன்செலுக்கு எழுதினது ரொம்ப கம்மி, அவளாலதான் எல்லாமே நடக்குது, அவளுக்குன்னு ஒரு முழு காட்சி குடுத்திருக்கலாம். மொத ரெண்டு எபிசோடு மெதுவா போகுதுன்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அப்படி தோணல, அந்த மெதுவுலதான் நாம டங்க் பக்கம் போய் சேர்றோம்.

இசை இந்த தடவ கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு போட்ட ரமின் ஜவாடி இல்ல, டான் ரோமர். பெரிய வாத்தியக் கூட்டம் இல்லாம, தனியா நடந்து போற ஒருத்தன் முணுமுணுக்குற அளவுல வச்சிருக்கார், அது இந்த கதைக்கு சரியான அளவு. வரைபடம் சுத்துற நீளமான டைட்டில் காட்சியும் கெடையாது, பேர போட்டுட்டு நேரா கதைக்கு போயிடுறாங்க.

வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பாக்கலாமான்னு கேட்டா, வேணாம். எக் மூஞ்சிய பாத்துட்டு கொழந்தைங்க கதைன்னு நெனைச்சுடாதீங்க. மத்த ரெண்டு வெஸ்டெரோஸ் சீரிஸ் (கேம் ஆஃப் த்ரோன்ஸ், ஹவுஸ் ஆஃப் தி டிராகன்) அளவுக்கு இல்லன்னாலும் நிர்வாணம் இருக்கு, கெட்ட வார்த்தை நெறைய, சண்டைல எலும்பு நொறுங்குறது நல்லாவே தெரியும். பசங்க தூங்கினப்பறம் பாருங்க, முடிஞ்சா ஹெட்போன் போட்டு, அஞ்சாவது எபிசோடுக்கு அது கண்டிப்பா வேணும். சப்டைட்டில் ஆன் பண்ணிக்கங்க, ஐரிஷ் வாடையும் இங்கிலீஷ் கிராமத்து வாடையும் கலந்து பேசுறதுல பாதி நம்ம காதுக்கு சிக்காது. ஹவுஸ் ஆஃப் தி டிராகன் பாத்துட்டுத்தான் இத பாக்கணும்னு ஒன்னும் இல்ல, அது இன்னும் முன்னாடி காலத்துக் கதை.

ரெண்டாவது சீசனுக்கு மொத சீசன் வர்றதுக்கு முன்னாடியே ஓகே குடுத்துட்டாங்க, 2027ல எதிர்பாக்கலாம். அது 2003ல வந்த தி ஸ்வோர்ன் ஸ்வோர்டு கதை, கடுமையான வறட்சி, ரெண்டு சின்ன பண்ணையாருங்க, ஒருத்தர் ஓடைய அணை போட்டு மறிச்சுட, அந்த தண்ணிக்காக நடக்குற தகராறு. என்னைக் கேட்டா அது மொத கதைய விடவும் நல்ல கதை. அதுவரைக்கும் பொறுக்க முடியாதவங்க புத்தகத்த வாங்கிடுங்க, கேரி ஜியானி வரைஞ்ச படங்களோட வந்திருக்கு, இங்கிலீஷும் மார்ட்டினோட பெரிய நாவல்கள் அளவுக்கு கஷ்டமா இருக்காது, ஒவ்வொரு கதையும் நாவல்ல கால்வாசி கூட நீளம் இல்ல. ஒரே ஒரு விஷயம், மொத சீசன பாத்து முடிச்சுட்டு படிங்க. ஹெல்மெட் கழட்டுற அந்த எடம் மொதல்ல கண்ணுல வந்து அடிச்சாத்தான் சரி.